சிஸ்டத்தை மாற்றலாம், கைப்பழக்கத்தை மாற்ற முடியுமா?

"உங்கள் இடம் நிரம்பிவிட்டது. மேலும் இடம் வேண்டுமானால் சந்தா செலுத்துங்கள்."

2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு நாள் இரவு, திருவனந்தபுரத்தில் ஒரு வாடகை வீட்டின் கம்ப்யூட்டரில் இப்படி ஓர் அறிவிப்பு வந்து நின்றது. அந்த வீட்டுக்காரர் சாலை பஜாரில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். தென்காசிப் பக்கத்துக்காரர். கேரளத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அறிவிப்பைப் படித்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எந்த இடம்? நான் எங்கே இடம் பிடித்தேன்?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் கவலைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. கடை வேலை முடிந்து வீடு திரும்பியதும் இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை அக்கம்பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். தையல்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், பூ வியாபாரம் செய்யும் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். ஒரு மனுவுக்கு முப்பது ரூபாய். இல்லாதவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆதார் நகல், பாங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், விதவைப் பென்ஷன் மனு என்று கிட்டத்தட்ட 180 குடும்பங்களின் காகிதங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. மறுபடியும் கேட்டு வருவார்களே என்று அழிக்காமல் ஆள் பேர் போட்டுத் தனித்தனியாக வைத்திருந்தார்.

அந்தக் காகிதங்களில் பாதிக்கு மேல், அவருக்குத் தெரியாமலே, இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் ஒரு சேமிப்புக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. இலவசமாகக் கொடுக்கும் இடம் 5 ஜி.பி. அது நிரம்பிவிட்டது என்பதுதான் அறிவிப்பு.

போனது எப்படி?

ஒருவரும் திருடவில்லை. பூட்டை உடைக்கவில்லை. சம்மதம் என்று ஒரு பொத்தானை அழுத்தினார்கள். அவ்வளவுதான்.

விண்டோஸ் 10 என்னும் சிஸ்டத்துக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. அதற்கு மேலும் அதே சிஸ்டத்தை வைத்திருந்தால் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், 2021-ல் வெளியான அந்தச் சிஸ்டம் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் ஆனால் எட்டாவது தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் கேட்கிறது. நம் கணக்கர் 2019-ல் பழைய சாமான் கடையில் வாங்கியது ஆறாவது தலைமுறை. நல்ல நிலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் வரிசையில் நிற்கத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

புதிது வாங்கினால் இரண்டு மாதச் சம்பளம் போய்விடும்.

ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு என்றும் கம்பெனி அறிவித்திருந்தது. 2026 அக்டோபர் 13 வரை. அமெரிக்காவில் அதற்கு 30 டாலர் விலை வைத்தார்கள். பணம் வேண்டாம் என்றால் கம்பெனியின் கணக்கு ஒன்றைத் தொடங்கி, கம்ப்யூட்டரின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் போதும். ஐரோப்பிய நாடுகளில் மட்டும், அங்குள்ள நுகர்வோர் சங்கங்கள் போட்ட கூச்சலில், சேமிக்கும் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

ரிப்பேர் கடைப் பையன் இலவச வழியைத்தான் பிடித்தான். அமைப்புகளைச் சேமிக்கும் அதே பக்கத்தில் 'டாக்குமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்', 'டெஸ்க்டாப்' ஆகியவற்றையும் சேமிப்பதற்கான பொத்தான்கள் இருக்கும். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். பையன் அணைக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? எல்லாவற்றுக்கும் 'சரி' என்று அழுத்துவதற்குத்தான் நம் எல்லோருக்கும் பழக்கிவைத்திருக்கிறார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது என்ன? ஒரு ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் எப்படியோ, கம்ப்யூட்டருக்குள் அது அப்படி. எந்த வண்டி எந்தப் பாதையில் போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்பது எல்லாம் அவர் கையில். நாம் எழுதும் கடிதம், பார்க்கும் படம், அச்சடிக்கும் பில் ஒன்றுகூட அவர் கொடி காட்டாமல் நகராது. அதனால் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தெரிந்ததை அவர் வெளியே யாரிடம் சொல்லுகிறார் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது 2015-ல். அந்த வருஷம் ஜூலை 29-ம் தேதி விண்டோஸ் 10 வந்தது. பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு முதல் ஒரு வருஷம் இலவசம். இலவசம் என்றதும் உலகமே வாங்கிப் போட்டுக்கொண்டது. நிறுவும்போது 'எக்ஸ்பிரஸ்' என்று ஒரு வழி காட்டுவார்கள். அதை அழுத்தினால் தகவல் அனுப்பும் கதவுகள் பெரும்பாலும் திறந்தபடியே இருக்கும்.

பிரான்சு நாட்டில் தகவல் அந்தரங்கத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு 2016 ஜூலையில் கம்பெனிக்கு நோட்டீசு அனுப்பியது. யார் எந்தெந்தப் புரோகிராமை இறக்கியிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்பதெல்லாம் எதற்கு என்று கேட்டது. விளம்பரத்துக்காக ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண்ணைக் கேட்காமலே ஒட்டிவைத்ததையும் கண்டித்தது. கம்பெனி இறங்கிவந்தது. அடிப்படை நிலையில் திரட்டும் தகவலை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. 2017 ஜூனில் நோட்டீசு முடித்துவைக்கப்பட்டது. அதே வருஷம் அக்டோபரில் நெதர்லாந்தின் அமைப்பும், விண்டோஸ் 10 தங்கள் நாட்டு அந்தரங்கச் சட்டத்தை மீறுகிறது என்று அறிவித்தது.

இதையெல்லாம் கேட்டு, அமெரிக்காவில் யாரோ உட்கார்ந்து நம் மளிகைக் கணக்கைப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரின் உடல்நிலை பற்றிய அறிக்கை ஒன்று. வீட்டு உபயோக விண்டோஸில் அதைக் குறைக்கலாமே தவிர அடியோடு நிறுத்த வழி வைக்கவில்லை. விளம்பர அடையாள எண் இரண்டாவது, அதை அணைத்துவிடலாம். நம் காகிதங்களின் நகலே போய்ச் சேரும் சேமிப்புக் கிடங்கு மூன்றாவது. அதையும் நிறுத்தலாம். ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே நிறுத்துவதற்கு?

2024 மே மாதம் 'ரீகால்' என்று ஒன்றை அறிவித்தார்கள். திரையில் தெரிவதைச் சில வினாடிகளுக்கு ஒரு தரம் படம் எடுத்து வைத்து, பிற்பாடு தேடிக் கொடுக்கும் வசதி. படம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது என்றார்கள். இருந்தாலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தள்ளிவைத்து, நாமாகக் கேட்டால்தான் வேலை செய்யும் என்று திருத்தி, 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். புதுவகைக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்தான். நம் கணக்கரின் பழைய பெட்டிக்கு அந்த யோகம் இல்லை.

நம் நாட்டிலும் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ல் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டம் நல்லதுதான். ஆனால் சாலை பஜார் கணக்கர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அழுத்திய பொத்தானைச் சட்டம் வந்து திருப்பி அழுத்தாது.

மகள் சொன்ன யோசனை

வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். அரசுப் பள்ளிக்கூடம். அறிவிப்பையும் அப்பாவின் முகத்தையும் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள்:

"எங்க ஸ்கூல்ல இருக்கிறதையே போட்டிரலாம்ப்பா. அதுக்குக் காசும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்."

கேரளத்தில் வேலை செய்யும் தமிழர்கள் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இது. தங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ்.

பின்லாந்துக்காரரான லினஸ் டோர்வால்ட்ஸ், கல்லூரி மாணவராக இருந்தபோது 1991-ல் தொடங்கிவைத்த லினக்ஸை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். இது ஒரு தனிக் கம்பெனியின் சொத்து அல்ல. பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்விக்கென்று கேரளத்தில் ஆரம்பித்த 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் சில வருஷங்களுக்குள் முழுக்க லினக்ஸ் பக்கம் சாய்ந்தது. 2017-ல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. பள்ளிக்கென்றே தனியாகத் தயாரித்த லினக்ஸை அந்த நிறுவனம் கொடுத்துவருகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 45 ஆயிரம் வகுப்பறைகளை நவீனமாக்கும் திட்டத்தில் இதைத்தான் போட்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேலான பள்ளிக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டதால் லைசென்ஸ் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அந்த நிறுவனம் சொன்னது. பாடப்புத்தகம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அல்ல, தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகிறது. மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளும் இதைத் தமிழில் படிக்கிறார்கள்.

இதில் தொகையைவிட முக்கியமானது வேறொன்று. கருவியை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். இல்லாவிட்டால் இத்தனை பெட்டிகளும் தூசி படிந்து மூலையில் கிடந்திருக்கும்.

"ஏளா, இதுல டாலி ஓடுமா?"

அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். மகள் பொய் சொல்லவில்லை. "ஓடாதுப்பா" என்றாள்.

கணக்கர்களுக்கு டாலிதான் சோறு போடுகிறது. அது விண்டோஸுக்காகச் செய்தது. லினக்ஸில் அதை ஏமாற்றி ஓடவைக்கச் சில வழிகள் இருந்தாலும் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரத்தில் அதை நம்ப முடியாது. டிஜிட்டல் கையெழுத்துக்காகச் செருகும் சாவிக்கும் இதே தொல்லை உண்டு. ஆகவே கடைக் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை, வீட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. மாறினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பது ஒரு பிடிவாதம். வேலை எங்கே இருக்கிறது என்று பார்த்து மாற்றுகிறவன்தான் நிலைத்து நிற்கிறான்.

முதலில் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தார்கள். இது லினக்ஸில் ஒரு சௌகரியம். கம்ப்யூட்டருக்குள் இருப்பதைத் தொடாமலே பென் டிரைவில் வைத்து முழுச் சிஸ்டத்தையும் ஓட்டலாம். ஒரு வாரம் இப்படி ஓடியது. சத்தம் வந்தது, வைஃபை வந்தது. பிரிண்டர் மட்டும் வரவில்லை. ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கிற பழைய மாடல் லேசர் பிரிண்டர் அது. மனு எழுதுகிறவர் வீட்டில் பிரிண்டர் வராவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? மூன்று ராத்திரி மகளும் அப்பாவும் மல்லுக்கட்டி, அதற்கான டிரைவரைத் தேடிப் பிடித்து, ஒரு வழியாக ஓடவைத்தார்கள். இரண்டாவது பக்கம் அடிக்கும்போது இன்னமும் சில சமயம் நின்று யோசிக்கிறது.

பிறகு நிறுவும் நாள் வந்தது. அந்தக் கட்டத்தில் திரையில் ஒரு வரி வரும்: 'டிஸ்கை முழுவதும் அழித்து நிறுவு.' பழக்கதோஷத்தில் 'சரி' என்று அழுத்தப்போன அப்பாவின் கையை மகள் பிடித்துக்கொண்டாள். 180 குடும்பத்தின் காகிதங்களும் அதற்குள்தான் இருந்தன. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு, இரண்டு பென் டிரைவ் வாங்கி, இரண்டிலும் தனித்தனியே நகல் எடுத்து, திறந்து பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் மறுநாள் நிறுவினார்கள்.

முதல் மூன்று வாரம்

"சி டிரைவ் எங்கே?" இது முதல் நாள் கேள்வி. லினக்ஸில் சி, டி என்று டிரைவ்கள் கிடையாது. 'ஹோம்' என்று ஒன்று இருக்கும். நம் சாமான் எல்லாம் அதற்குள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கும் சிஸ்டம் இது. ஒரே ஆள் பேரில் இரண்டு விதமாக எழுதினால் இரண்டு தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளும். புதிதாக எதையாவது நிறுவ வேண்டுமானால் ஒவ்வொரு தரமும் கடவுச்சொல் கேட்கும். இரண்டாம் நாளே அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என் வீட்டுக்குள்ள போறதுக்கு நானே சீட்டு வாங்கணுமா?" என்றார். ஆனால் அதே கேள்வியைத்தான் வெளியாள் நுழைந்தாலும் சிஸ்டம் கேட்கும்.

தமிழ் எழுதுவதில்தான் பெரிய சோதனை. அவர் தட்டெழுத்து லோயர் பாஸ் செய்தவர். பழைய டைப்ரைட்டர் முறைதான் அவர் விரலில் இருக்கிறது. லினக்ஸில் தமிழ்99, டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், உச்சரிப்பு முறை எல்லாமே உண்டு. ஆனால் எங்கே இருக்கிறது என்று தேடிப் பொருத்த வேண்டும். பொருத்திய பிறகும் ஒன்றிரண்டு எழுத்து இடம் மாறி நின்றது. நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை என்று ஓடிய கை, ஒரு மனுவுக்கு அரை மணி நேரம் எடுத்தது. வாசலில் ஆள் காத்திருக்கும்போது அது சாதாரண அவமானம் அல்ல. பக்கத்தில் வருகிறவர்கள், "அண்ணாச்சிக்கு வயசாயிட்டு" என்று கேலி செய்தார்கள்.

பழைய மனுக்கள் இன்னொரு தலைவலி. யூனிகோடு வருவதற்கு முன்பிருந்த தமிழ் எழுத்துருக்களில் எழுதியவை. திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் குப்பை போலத் தெரிந்தது. எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தார். போகவில்லை. பழைய எழுத்துருக் கோப்புகளை எடுத்துப் புதுச் சிஸ்டத்தில் போட்டதும் தமிழ் திரும்பிவந்தது. அட்டவணை போட்ட மனுக்களில் மட்டும் ஓரம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. 'லிபர் ஆபீஸ்' என்ற இலவசப் புரோகிராமில் அவற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

நாலாவது வாரத்தில் கை படிந்துவிட்டது. எப்போது படிந்தது என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு மனுவை முடித்துவிட்டார். அப்போதுதான் தெரிந்தது.

சர்க்கார்களுக்கும் இதே பாடுதான்

இது ஒரு கணக்கர் வீட்டுக் கதை மட்டும் அல்ல. பெரிய பெரிய சர்க்கார்களே இதில் தடுமாறியிருக்கின்றன.

ஜெர்மனியில் முனிக் நகரசபை 2003-ல் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போவது என்று முடிவெடுத்தது. அப்போது மைக்ரோசாப்டின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர், தம் பனிச்சறுக்கு விடுமுறையை நடுவில் விட்டுவிட்டு மேயரைப் பார்க்க ஓடிவந்தார். நகரசபை மசியவில்லை. பத்து வருஷம் பாடுபட்டு 2013-ல் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை மாற்றி முடித்தார்கள். ஆனால் வெளி ஆபீசுகளிலிருந்து வரும் தாள்கள் சரியாகத் திறக்கவில்லை என்று ஊழியர்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மேயர் மாறினார். 2017 நவம்பரில் விண்டோஸுக்கே திரும்புவது என்று ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள்.

பிரான்சின் ஜெண்டார்மெரி போலீஸ் படை வேறு மாதிரி செய்தது. அவர்கள் சிஸ்டத்தைத் தொடவில்லை. 2005-ல் கடிதம், கணக்கு எழுதும் புரோகிராமை மட்டும் ஓப்பன் ஆபீசுக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் இன்டர்நெட் பார்க்க பயர்பாக்ஸ், தபாலுக்குத் தண்டர்பேர்டு. எல்லாம் பழைய விண்டோஸிலேயே ஓடின. ஊழியர்களின் கை அவற்றில் நன்றாகப் பழகிய பிறகு, 2008-ல் அடியில் இருந்த சிஸ்டத்தை உருவிவிட்டு உபுண்டு என்னும் லினக்ஸைச் செருகினார்கள். மேலே தெரிந்த புரோகிராம்கள் அதேதான். ஐகானும் விளையாட்டும் மட்டும்தான் வித்தியாசம், விளையாட்டு எங்களுக்கு முக்கியமில்லை என்று அந்தப் படையின் அதிகாரி ஒருவர் சொன்னார். 2024-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அங்கே லினக்ஸில் ஓடின. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலமும் 30 ஆயிரம் கம்ப்யூட்டர்களை மாற்ற 2024-ல் முடிவெடுத்தபோது, ஆபீசுப் புரோகிராம் முதலில், தபால் அடுத்தது, சிஸ்டம் பிறகு என்ற வரிசையைத்தான் பிடித்தது.

நம் ராணுவ அமைச்சகம் உபுண்டுவிலிருந்து 'மாயா' என்ற சிஸ்டத்தைத் தயாரித்திருப்பதாக 2023 ஆகஸ்டில் செய்தி வந்தது. வெளியார் ஊடுருவலுக்குப் பயந்துதான் அந்த ஏற்பாடு. அதன் முகத்தைப் பார்த்தால் விண்டோஸ் போலவே இருக்கும்படி செய்திருந்தார்கள். குமாஸ்தாக்களின் கையை அறிந்து செய்த வேலை.

கொல்லம் செங்கோட்டைப் பாதையில் ஊருக்குப் போய்வந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் மீட்டர் கேஜ் வண்டிகள் 2010-ல் நின்றன. அகலப்பாதையில் முழுமையாக வண்டி ஓடியது 2018-ல். நடுவில் அத்தனை வருஷமும் ஜனங்கள் பஸ்ஸில் மலை ஏறி இறங்கினார்கள். அகலப்பாதை நல்லதா கெட்டதா என்று அப்போது யாரும் சண்டை போடவில்லை. அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போவது எப்படி என்பதுதான் கேள்வி. சிஸ்டம் மாற்றத்திலும் அந்த 'நடுவில்' என்பதற்கு வழி செய்தவர்கள் தப்பினார்கள்.

கணக்கர் வீட்டில் இந்த வரிசை தலைகீழாகப் போய்விட்டது. இன்னொருவர் மாறுவதானால் விண்டோஸிலேயே பயர்பாக்ஸையும் லிபர் ஆபீசையும் போட்டு இரண்டு மாதம் பழகிவிட்டு அப்புறம் மாறுவது நல்லது. அவர் மூன்று வாரத்தில் பட்ட பாடு பாதியாகியிருக்கும். வீட்டில் அதே சிஸ்டத்தைப் பள்ளியில் படிக்கும் ஓர் ஆள் இருந்ததால்தான் தாக்குப்பிடித்தார்.

லினக்ஸும் கோயில் அல்ல

லினக்ஸ் போட்டால் உலகத்தில் யாருக்கும் நம்மைத் தெரியாது என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். அது சரியல்ல. இதே உபுண்டு 2012 அக்டோபரில் வெளியிட்ட பதிப்பில், நம் கம்ப்யூட்டருக்குள் எதையாவது தேடினால் அந்தச் சொல் வெளியே போய் அமேசான் கடைச் சரக்குகளோடு திரும்பிவந்தது. ஸ்டால்மன் போன்ற சுதந்திர மென்பொருள்காரர்களே அதை வேவு என்று திட்டினார்கள். 2016 பதிப்பில்தான் அது தானாக இயங்குவதை நிறுத்தினார்கள். குறைகள் அங்கேயும் உண்டு. உள்ளே பிரித்துப் பார்க்க அனுமதி இருப்பதால் சீக்கிரம் வெளியே வருகிறது.

கெடுவும் உண்டு. கைட் கொடுக்கும் 22.04 பதிப்பின் அடியில் உள்ள உபுண்டுவுக்குச் சாதாரண ஆதரவு 2027 வரைதான். பிறகு அடுத்த பதிப்புக்கு மாற வேண்டும். அதற்குப் பணமோ கணக்கோ கேட்பதில்லை, பெட்டி பழசு என்று துரத்துவதும் குறைவு.

இன்டர்நெட்டில் நாம் எந்தக் கடைக்குப் போனோம், எந்தப் படம் பார்த்தோம் என்பதை அந்தந்த வலைத்தளம் குறித்துவைத்துக்கொண்டே இருக்கும். அதைச் சிஸ்டம் மாற்றம் தடுக்காது. பாக்கெட்டில் இருக்கும் போன் தனிக் கதை. நம் கணக்கரும் ஆதார் நகல்களை வாட்ஸ்அப்பில்தான் வாங்குகிறார். அதை மகள் சுட்டிக்காட்டியபோது அவரிடம் பதில் இல்லை. இப்போது காகிதத்தை நேரில் கொண்டுவரச் சொல்லுகிறார். எல்லோரும் கேட்பதில்லை.

கடைசியாகக் கிடங்கில் கிடந்த நகல்களை அழிக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு கண்ணி உண்டு. கம்ப்யூட்டரும் கிடங்கும் இணைந்திருக்கும்போது கிடங்கில் அழித்தால் கம்ப்யூட்டரில் இருப்பதும் சேர்ந்து அழியும். பென் டிரைவ் நகல்கள் பத்திரமாக இருந்ததாலும், வீட்டுச் சிஸ்டம் மாறிவிட்டதாலும் அவருக்கு அந்தப் பயம் இல்லை. பயர்பாக்ஸ் வழியாகக் கணக்குக்குள் போய், ஒவ்வொரு ஆள் பேராகப் பார்த்து அழித்தார். அழித்த பிறகும் அவை அங்கேயே குப்பைத் தொட்டியில் முப்பது நாள் கிடக்கும் என்று மகள் சொன்னாள். தொட்டியையும் காலி செய்தார்கள்.

முடிக்கும்போது இரவு பதினொன்றரை. அதற்கு முன்பே ஒரு பூக்காரம்மாள் மகனின் ஸ்காலர்ஷிப் மனுவுக்காக வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பிரிண்டர் முதல் பக்கத்தை அடித்துவிட்டு, இரண்டாவது பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.